காணாமற்போன தோழி

(மேல்நிலை வகுப்பு உயிரியல் ஆசிரியை ஒருவரின் எண்ணங்கள்)

"துப்பறியும் கதைகளைப் பெண்பிள்ளைகள் படிக்கலாமா?" என்னும் கேள்வி பெற்றோர் மத்தியில் ஓயாமல் எழுந்துகொண்டேயிருக்கிறது. கூடாது என்பாரிடமும் நியாயம் இல்லாமல் இல்லை. பேருந்து நிலையக் கடைகளில் தொங்கும் மலிவுப் பதிப்புகளில் பத்துக்கு எட்டில், ஒரு பெண் கொலையாவது கதையைத் தொடங்கி வைப்பதற்கு மட்டுமே. அவள் யார், அவளுக்காக அழுதவர் யார் என்று ஆசிரியரும் கேட்பதில்லை, வாசகரும் கேட்பதில்லை. இரண்டாம் பக்கத்திலிருந்து துப்பறிவாளரின் கெட்டிக்காரத்தனமே கதையாகிவிடுகிறது. அத்தகைய நூல்களுக்கு வக்காலத்து வாங்க நான் இங்கு வரவில்லை. ஒரே ஒரு நாவலுக்காகத்தான் வாதாட விரும்புகிறேன். அதை நம் நூலகத்தில் வைக்க வேண்டும், பதினோராம் பன்னிரண்டாம் வகுப்பு மாணவியர் கையில் கொடுக்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

கேத்தி ரைக்ஸ் என்னும் அமெரிக்க அம்மையார் எழுதி 2007-இல் வெளிவந்த 'போன்ஸ் டு ஆஷஸ்' என்பதே அந்நாவல். 'எலும்புகள் சாம்பலாக' என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். இவ்வம்மையார் அறைக்குள் அமர்ந்து கற்பனையிலேயே குற்றங்களை ஆராய்ந்தவர் அல்லர். 1948-இல் சிகாகோவில் பிறந்து, நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் மானுடவியலில் முனைவர் பட்டம் பெற்று, வட கரோலினா மாநிலத்தின் சார்லட் நகரில் பேராசிரியையாகப் பணியாற்றியவர். கனடாவின் கியூபெக் மாகாணத்திற்கான தடய அறிவியல் ஆய்வுக்கூடத்தில், மான்ட்ரியல் நகரில், அடையாளம் தெரியாத எலும்புகளை ஆராய்ந்தவர். ருவாண்டா நாட்டு இனப்படுகொலை பற்றிய சர்வதேச நீதிமன்றத்தில் சாட்சியம் அளித்தவர். 2001-இல் நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள் இடிந்தபின், அங்கே கிடைத்த உடற்பகுதிகளை அடையாளங் காணும் பணிக்கும் சென்றவர். 1997-இல் முதல் நாவலை எழுதினார். டெம்பரன்ஸ் பிரென்னன் என்னும் எலும்பியல் அறிஞரே இவருடைய நாவல் வரிசையின் கதாநாயகி. அந்த வரிசையில் இது பத்தாவது. 2005 முதல் 2017 வரை இக்கதாபாத்திரத்தைக் கொண்டு தொலைக்காட்சித் தொடரும் வந்தது. தொடரைப் பார்த்தவர்கள் அதை மறந்துவிட்டு நூலைத் திறப்பது நல்லது. இரண்டுக்கும் பெயர்ப் பொருத்தம் தவிர வேறு பொருத்தம் குறைவு.

கதை இதுதான். பிரென்னன் சிறுமியாயிருக்கும்போது கைக்குழந்தையான தம்பியை இரத்தப் புற்றுநோய் கொண்டுபோகிறது. சிறிது காலத்தில் தந்தையும் விபத்தில் மாண்டுபோகிறார். துயரத்தில் ஆழ்ந்த தாயுடனும் தங்கையுடனும் அவள் பாட்டி வீட்டுக்கு வந்து சேர்கிறாள். கோடை விடுமுறையில் தென் கரோலினாவின் பாலிஸ் தீவுக் கடற்கரையில் அவளுக்கு ஒரு தோழி கிடைக்கிறாள். எவாஞ்சலின் என்று பெயர். கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில், டிராகடி என்னும் ஊரைச் சேர்ந்த, பிரெஞ்சு பேசும் பெண். சில கோடைகள் இவர்கள் சேர்ந்தே கழிக்கிறார்கள். கவிதை எழுதுகிறார்கள், விடுமுறை முடிந்தபின் கடிதம் எழுதிக்கொள்கிறார்கள். திடீரென்று ஒரு நாள் கடிதங்கள் நின்றுவிடுகின்றன. எவாஞ்சலினும் அவள் தங்கையும் கடற்கரைக்கு வரவில்லை. ஏன் என்று கேட்டால் பெரியவர்கள் பேச்சை மாற்றுகிறார்கள். அவளை மறந்துவிடு என்பதுதான் அவர்கள் சொல்லாமற் சொன்ன விடை.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிகின்றன. பிரென்னன் இப்போது பெயர்பெற்ற அறிஞர். அவளுடைய மேசைக்கு ஒரு பெட்டியில் எலும்புகள் வருகின்றன. பதின்மூன்று பதினான்கு வயதுப் பெண்ணுடையவை. அவை வந்த திசை, எவாஞ்சலினின் ஊர்த் திசை.

இதற்குமேல் கதையைச் சொல்லமாட்டேன். முடிவைச் சொல்லிவிட்டு "படியுங்கள்" என்பது விருந்துக்கு அழைத்துவிட்டு இலையை எடுத்துவிடுவதற்கு ஒப்பாகும்.

நான் இந்நாவலைப் போற்றுவதற்கு முதற்காரணம், அதிலுள்ள விஞ்ஞானம் மெய்யானது என்பதே. ஓர் எலும்புக்கூட்டின் வயதை எப்படிக் கணிக்கிறார்கள்? மாணவியரே, நீங்கள் பாடத்தில் படித்ததை நினைவுகூருங்கள். பிறந்த குழந்தையின் உடலில் ஏறத்தாழ முந்நூறு எலும்புத் துண்டுகள் உண்டு. வளர்ந்தபின் அவை ஒன்றோடொன்று இணைந்து 206 ஆகின்றன. கை கால் எலும்புகளின் நடுத்தண்டு வேறு, முனை வேறாகவே சிறுவயதில் இருக்கும். இரண்டுக்கும் இடையே குருத்தெலும்பு. அந்தக் குருத்துதான் நம்மை உயரச் செய்கிறது. வயது ஏற ஏறக் குருத்து மறைந்து, முனை தண்டோடு ஒட்டிக்கொள்கிறது. இந்த ஒட்டுதல் எல்லா மூட்டுகளிலும் ஒரே நாளில் நடப்பதில்லை. முழங்கை முந்திக்கொள்ளும், முழங்கால் பிந்தும், காறை எலும்பு மார்போடு சேரும் முனையோ இருபது வயதைத் தாண்டியும் ஒட்டாமல் காத்திருக்கும். எந்த மூட்டு ஒட்டிவிட்டது, எது ஒட்டவில்லை என்று பார்த்தால் வயது ஒரு வரம்புக்குள் வந்துவிடும். பல்லும் சாட்சி சொல்லும். இரண்டாம் கடைவாய்ப்பல் முளைப்பது பன்னிரண்டு வயதையொட்டி அல்லவா?

ஆனால் இங்கே ஒரு சிக்கல். பெண்பிள்ளைகளுக்கு இந்த ஒட்டுதல் ஆண்பிள்ளைகளைவிட ஓரிரு ஆண்டு முன்னதாகவே நடந்துவிடும். ஆகவே வயதைத் திட்டமாகச் சொல்ல, ஆணா பெண்ணா என்று தெரிய வேண்டும். அதைச் சொல்லுகின்ற இடுப்பெலும்போ பருவமெய்தும் வயதில் இன்னும் முழு உருவம் பெற்றிராது. ஒன்றைத் தெரிந்துகொள்ள மற்றொன்று தேவை. அந்த மற்றொன்றும் அரைகுறை. ஆகவே நேர்மையான அறிஞர் எவரும் "இது இன்னாருடைய எலும்பு" என்று எலும்பை மட்டும் பார்த்து முடிவு கட்டுவதில்லை. "இன்ன வயதோடு ஒத்துப்போகிறது" என்றே எழுதுவார். 'ஆகும்' என்பதற்கும் 'ஒத்துப்போகிறது' என்பதற்கும் உள்ள தூரம் மிகப் பெரிது. நீதிமன்றத்தில் ஒரு மனிதரின் தலையெழுத்தே அந்தத் தூரத்தில் அடங்கியிருக்கலாம்.

நாவலின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. பெட்டியிலுள்ளவள் தன் எவாஞ்சலினாக இருக்க வேண்டும் என்று பிரென்னனின் மனத்தில் ஒரு பாதி விரும்புகிறது. முப்பதாண்டுக் கேள்விக்கு விடை கிடைத்துவிடுமே! அவளாக இருக்கக் கூடாது என்று மறுபாதி மன்றாடுகிறது. இல்லையென்றால் தோழி எங்கேனும் உயிரோடிருக்கலாமே! இரண்டு ஆசைகளையும் ஆய்வுக்கூடத்தின் வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே போக வேண்டியது அவள் கடமை. போக முடிகிறதா என்பதுதான் கதை. பாசமுள்ளவள் பாசத்தை விடாமலும், அதே சமயம் அது தன் கண்ணை மறைக்க விடாமலும் வேலை பார்ப்பது எவ்வளவு கடினம் என்பதை நான் எந்தப் பாடநூலிலும் இவ்வளவு தெளிவாகப் படித்ததில்லை.

மைட்டோகாண்ட்ரியாவைப் பற்றி ஒரு வார்த்தை. தேர்வுக்கு "செல்லின் ஆற்றல் நிலையம்" என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிட்டு அதை மறந்துவிடுகிறீர்கள். மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கும் டி.என்.ஏ. தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வருகிறது. ஆகையால் காணாமற்போனவளின் அக்கா, தங்கை, தாயுடன் பிறந்த சித்தி இவர்களுள் ஒருவர் இரண்டு துளி எச்சில் கொடுத்தாலும், பழைய எலும்போடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். "என் பெண் எங்கே?" என்று கேட்டுக் காத்திருக்கும் தாய்மாருக்கு இது எத்தகைய வரம்! அர்ஜென்டினாவில் 1976 முதல் 1983 வரை நடந்த இராணுவ ஆட்சியில் ஆயிரக்கணக்கானோர் காணாமற்போயினர். 1984-இல் கிளைட் ஸ்னோ என்னும் அமெரிக்க அறிஞர் அங்கே சென்று, ஒரு சில மாணவ மாணவியருக்குப் பயிற்சியளித்து, பெயரற்ற புதைகுழிகளைத் தோண்டச் செய்தார். அந்த இளைஞர்கள் பின்னர் உலகின் பல நாடுகளுக்கும் போய் இதே பணியைச் செய்தார்கள். தொடங்கும்போது அவர்கள் நம் முன்னாள் மாணவியரைப் போல் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர்கள்தாம்.

இடையே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பழைய பள்ளிகள், கல்லூரிகள் சிலவற்றின் ஆய்வகத்தில் கண்ணாடி அலமாரிக்குள் ஓர் எலும்புக்கூடு நிற்கும். மாணவியர் அதற்குச் செல்லப்பெயர் வைத்துச் சிரிப்பார்கள். இப்போது வருபவை நெகிழிப் பொம்மைகள். பழையவற்றுள் பல மெய்யான மனிதருடையவை. கல்கத்தாவிலிருந்து உலகம் முழுவதற்கும் மனித எலும்புக்கூடுகள் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. 1985-இல்தான் இந்திய அரசு அதைத் தடைசெய்தது. அலமாரியில் நிற்பவர் எந்த ஊர், என்ன பெயர், யார் பெற்ற பிள்ளை? இந்நாவலைப் படித்த மாணவி ஒருத்தி அடுத்த முறை அந்த அலமாரியின் முன் சிரிக்கமாட்டாள் என்று நம்புகிறேன்.

நிற்க. இரண்டாவது காரணத்துக்கு வருகிறேன். நம் சகோதரிகளுக்கு இது உவப்பாயிருக்கும்.

எவாஞ்சலினின் ஊராகிய டிராகடி, கற்பனை ஊர் அன்று. கனடாவின் கிழக்குக் கரையில், செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவை அடுத்துள்ள ஊர். அங்கே வாழ்வோர் அக்கேடியர் எனப்படும் பிரெஞ்சுக் கத்தோலிக்க மக்கள். 1755-இல் தொடங்கி, பிரிட்டிஷ் அரசு அவர்களுடைய வீடுகளைக் கொளுத்தி, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கப்பலேற்றி நாடு கடத்தியது. கணவன் ஒரு கப்பலிலும் மனைவி வேறு கப்பலிலுமாய்ப் போன குடும்பங்களும் உண்டு. இதை வைத்தே லாங்ஃபெல்லோ என்னும் அமெரிக்கக் கவிஞர் 1847-இல் 'எவாஞ்சலின்' என்னும் நெடுங்காவியம் பாடினார். திருமண நாளில் காதலனைப் பிரிந்த பெண் அவனை நாடெல்லாம் தேடி அலைந்து, கடைசியில் பிலடெல்பியாவில் இரக்கத்தின் சகோதரியாக நோயாளிகளுக்குத் தொண்டு செய்கையில், சாகும் தறுவாயில் அவனைக் காண்கிறாள். காவியத்தில் எவாஞ்சலின் தேடுபவள். ரைக்ஸ் அம்மையாரின் நாவலில் எவாஞ்சலின் தேடப்படுபவள். பெயரை ஆசிரியர் சும்மா வைக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த மக்களுக்கு மற்றொரு துன்பம் வந்தது. தொழுநோய். 1844-இல் அரசினர் நோயாளிகளைப் பிடித்து, மிராமிச்சி ஆற்றின் ஷெல்ட்ரேக் தீவில் அடைத்தனர். அது மருத்துவமனை என்பதைவிடச் சிறை என்பதே பொருந்தும். 1849-இல் அவர்களை டிராகடிக்கு மாற்றினார்கள். அங்கும் நிலைமை உடனே திருந்திவிடவில்லை. 1868-இல் மான்ட்ரியலிலிருந்து புனித சூசையப்பரின் மருத்துவத் துறவியர் சபையைச் சேர்ந்த சகோதரிகள் அங்கு வந்து சேர்ந்தனர். அவர்களுள் மருந்து தயாரிக்கும் கலையில் தேர்ந்த அமாண்டா விகெர் என்னும் இருபத்துமூன்று வயதுச் சகோதரியும் ஒருவர். மொலோக்காய்த் தீவுக்குப் புனித தமியான் சென்றது 1873-இல். அவருடைய வரலாற்றை மறைக்கல்வி வகுப்பில் எல்லோரும் படித்திருக்கிறோம். அவருக்கு ஐந்து ஆண்டுகள் முன்னரே இந்தச் சகோதரிகள் டிராகடிக்குச் சென்றுவிட்டார்கள்; அவர்களைப் பற்றி யாரும் நமக்குச் சொல்லவில்லை! அந்த இல்லம் 1965 வரை நடந்தது. அதாவது, நாவலில் பிரென்னனும் எவாஞ்சலினும் சிறுமிகளாய் இருந்த காலத்தை ஒட்டித்தான் அதன் கதவு மூடப்பட்டது.

தொழுநோய் எலும்பிலும் எழுதிவிட்டுப் போகும் என்பதை உங்களுள் எத்தனை பேர் அறிவீர்கள்? மூக்கின் அடியிலுள்ள சிறு முள் போன்ற எலும்பு கரையும். மேல் முன்பற்களைத் தாங்கும் எலும்பு தேயும். விரலெலும்புகள் நுனி மெலிந்து, சப்பிய மிட்டாய்க் குச்சிபோல் கூராகும். டென்மார்க்கு நாட்டு மருத்துவர் மோலர்-கிறிஸ்டென்சென், இடைக்காலத் தொழுநோயாளர் கல்லறைத் தோட்டம் ஒன்றைத் தோண்டி ஆராய்ந்துதான் இவற்றை வகைப்படுத்தினார். நோய்க்குக் காரணமான கிருமியை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சென் 1873-இலேயே கண்டுபிடித்துவிட்டார். மக்களுள் மிகப் பெரும்பாலோருக்கு இக்கிருமியை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே உண்டு. 1981-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சையால் இது முற்றிலும் குணமாகும். இருந்தும் உலகில் புதிதாய் இந்நோய் காணப்படுவோரில் மிகுதியானவர் நம் நாட்டவரே. வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் 1940-களின் இறுதியில் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்தத் தொடங்கினாரே, அந்த மண்ணில் பிறந்த நாமும் இந்நோயின் பெயரை இன்னும் தாழ்ந்த குரலில்தான் உச்சரிக்கிறோம்.

தாழ்ந்த குரல்! இந்நாவலைப் பெற்றோர் படிக்க வேண்டும் என்று நான் சொல்வதும் இதற்காகத்தான். எவாஞ்சலின் காணாமற்போனதைவிட என்னை வருத்தியது, அவளைப் பற்றிக் கேட்ட ஒரு சிறுமிக்குப் பெரியவர்கள் விடை சொல்லாததே. அவர்கள் கொடியவர்கள் அல்லர். குழந்தை ஏற்கனவே தம்பியையும் தந்தையையும் இழந்தவள், இதுவும் எதற்கு என்றே எண்ணியிருப்பார்கள். ஆனால் விடை தெரியாத பிள்ளை கேட்பதை நிறுத்திக்கொள்கிறதேயொழிய நினைப்பதை நிறுத்துவதில்லை. தானே ஒரு காரணத்தை இட்டுக்கட்டிக்கொள்ளும். பல சமயம் தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்ளும். 'அவளுக்கு என்மேல் என்ன கோபம்?' என்ற கேள்வியோடு எத்தனை பெண்கள் வளர்கிறார்கள்!

இது கனடாவில் மட்டும் நடக்கும் சங்கதியா? ஆண்டுதோறும் ஒவ்வொரு பள்ளியிலும் ஏதாவதொரு வகுப்பில் ஒரு பெண் விடுமுறைக்குப் பின் வருவதில்லை. சில நாள் வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே 'ஆ' விழுகிறது. பிறகு சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்திலிருந்த பிள்ளை நகர்ந்து உட்கார்ந்துகொள்கிறாள். மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தவர் தந்தையா மாமாவா என்றுகூட நமக்கு நினைவிருப்பதில்லை. "ஊருக்குப் போய்விட்டாளாம்" என்று ஒருத்தி சொல்வாள். "கல்யாணமாம்" என்று இன்னொருத்தி கிசுகிசுப்பாள். வீட்டில் கேட்டால், "அதெல்லாம் உனக்கு எதற்கு, போய்ப் படி" என்பதுதான் பதில். பெரும்பாலும் காரணம் சாதாரணமானதாக இருக்கும்: தகப்பனாருக்கு மாற்றல், கட்டணம் கட்ட முடியாமை. ஆனால் எல்லாச் சமயமும் அப்படியல்ல. பதினெட்டு நிரம்பாத பெண்ணுக்குத் திருமணம் செய்வது சட்டப்படி குற்றம். காணாமற்போன குழந்தை பற்றிப் புகார் வந்தால் காவல் நிலையத்தில் கட்டாயம் வழக்குப் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் ஆணையிட்டிருக்கிறது. ஆபத்திலுள்ள குழந்தைக்காக யாரும் அழைக்கலாம் என்று 1098 என்னும் தொலைபேசி எண் இருக்கிறது. அழைப்பவள் தோழியாக இருந்தாலும் சரிதான். இவையெல்லாம் இருந்து என்ன பயன், "அவள் எங்கே?" என்று கேட்பதற்கு ஒரு வாய் இல்லாவிட்டால்?

குழந்தைகளிடம் எல்லாவற்றையும் எல்லா வயதிலும் சொல்லிவிட வேண்டும் என்று நான் கூறவில்லை. "அவளுக்கு உடம்பு சரியில்லை, உன்மேல் கோபமில்லை, ஒரு கடிதம் எழுதிக் கொடு, நான் சேர்ப்பிக்கிறேன்" என்றால் போதாதா? பிரென்னனுக்கு அப்படி யாரேனும் சொல்லியிருந்தால் நாவல் இருந்திருக்காது என்பது வேறு விஷயம்.

இனிக் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வோர் அத்தியாயமும் "அடுத்து என்ன?" என்று திடுக்கிட வைத்தே முடிகிறது. முதல் நான்கைந்து முறை சுவைக்கிறது, பிறகு கதவை யாரோ வேண்டுமென்றே அடித்துச் சாத்துவதுபோல் எரிச்சலூட்டுகிறது. தற்செயல்கள் அதிகம். உலகத்தில் எத்தனையோ ஆய்வுக்கூடங்கள் இருக்க, தோழியின் ஊர் எலும்புகள் தோழியின் மேசைக்கே வந்து சேருமா? கதை என்றால் ஒரு தற்செயலை மன்னிக்கலாம். இங்கே அது ஒன்றோடு நிற்கவில்லை. எலும்பைப் பற்றிய விளக்கம் சில இடங்களில் வகுப்பறைப் பாடமாகவே ஆகிவிடுகிறது. எனக்கு அதுவே பிடித்தது. தமிழாசிரியைக்குக் கொடுத்தபோது அந்தப் பக்கங்களைத் தாண்டிவிட்டதாகச் சொன்னார்கள்!

பெற்றோர் அறிந்துகொள்ள வேண்டிய குறை வேறு. கதையின் மற்றொரு கிளை, காணாமற்போன வேறு சில சிறுமியரைப் பற்றியது. பெண்குழந்தைகளைப் படமெடுத்துப் பணமாக்கும் கயவர்கள் அதில் வருகிறார்கள். ஆசிரியை அதை விகாரமாய் விவரிக்கவில்லை, கோபத்தோடுதான் எழுதியிருக்கிறார். ஆயினும் எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது ஏற்றதன்று. கைப்பேசி ஒவ்வொரு வீட்டிலும் புகுந்துவிட்ட இந்நாளில் பதினாறு பதினேழு வயதுப் பெண்கள் இப்படிப்பட்டவர்கள் எவ்வாறு வலை விரிக்கிறார்கள் என்பதை அறியாமலிருப்பதே அவர்களுக்கு ஆபத்து என்று நான் கருதுகிறேன். இதில் என்னோடு உடன்படாத பெற்றோர் இருப்பார்கள். அவர்கள் முதலில் தாமே படித்துப் பார்க்கட்டும்.

ஆங்கில நடை கடினமானதன்று, வாக்கியங்கள் குட்டையானவை. இடையிடையே பிரெஞ்சுச் சொற்கள் வரும், அவற்றுக்காக அகராதியைத் தேட வேண்டாம், கதைப்போக்கிலேயே பொருள் விளங்கும். எலும்புகளின் பெயர்கள் வரும்போது மட்டும் பதினோராம் வகுப்பு விலங்கியல் நூலைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். நூலகத்துக்கு இரண்டு பிரதிகள் வாங்கினால் போதும். ஒன்று மாணவியருக்கு. மற்றொன்றை ஆசிரியர் அறையில் வைத்தால், பெற்றோர் எவரும் கேட்டு வாங்கிச் செல்லலாம்.